நாலு திருகாணி

மூணு வருஷமாய் ஹாலில் நிற்கிற ஸ்பீக்கருக்கு
தோஹாவிலிருந்து நேற்றுத்தான் ஒரு யோசனை வந்தது,
வாய்ஸ் மெசேஜில், நாலு நிமிஷம்:
"ரிசீவர்ல ஏழு சேனல் இருக்கு ராபியா.
நாம ஓட்டுறது அஞ்சு.
மிச்சம் ரெண்டையும் ஸ்பீக்கருக்கே இழுத்து விடு.
மேலுக்கு ஒண்ணு, கீழுக்கு ஒண்ணு.
கேட்டா நீயே அசந்து போவ."

பத்து மீட்டர் ஒயர் வெட்டும்போது
கடைக்கார அருளப்பன் கேட்டார்:
உள்ளே டிரான்ஸ்பார்மர் எத்தனை?
ஒன்றுதான்.
அவர் சிரித்தது எனக்குப் புரிந்தது.
கீழக்கரையில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும்,
ஒரே தொட்டியில் ரெண்டு மோட்டார் போட்டால்
தண்ணீர் கூடாது.
லாரி வியாழக்கிழமைதான் வரும்.

ஆனாலும் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஸ்பீக்கருக்குப் பின்னால் போனேன்.
தூசி, பல்லிமுட்டை, பாரிஸின் தொலைந்த தோடு.
நாலு திருகாணி.
மேல் ரெண்டையும் கீழ் ரெண்டையும் கட்டிப்போட்ட
பொன் தகடு
பச்சையாய் இருந்தது.
கச்சான் காற்று வீட்டுக்குள் வந்து
யாரையும் கேட்காமல் செய்த வேலை.

தகட்டைக் கழற்றி
மேலுக்கு மட்டும் ஒயர் கொடுத்து
அவர் மெசேஜையே ஓடவிட்டேன்.
"ச்" வந்தது, "ஸ்" வந்தது,
பல்லுக்கிடையில் காற்று,
ஏ.சி.யின் இரைச்சல்.
ஆள் இல்லை.
கீழுக்கு மாற்றினேன்.
நெஞ்சு மட்டும் பேசியது,
ஒரு வார்த்தை விளங்கவில்லை.
அதைத்தான் ரெண்டு தடவை கேட்டேன்.

பிறகு அவர் சொன்னபடியே ரெண்டு ஆம்ப் கொடுத்து
மெனுவில் தேடி மாற்றி
கண்ணை மூடிக் கேட்டேன்.
நன்றாக இருந்தது.
மறுபடி எல்லாம் கழற்றி,
தகட்டைப் புளி போட்டு விளக்கி, காயவைத்து,
பழையபடி மாட்டிக் கேட்டேன்.
அதுவும் அதே நன்றாக.
பாரிஸைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.
எது எது என்று அவளுக்கும் சொல்ல வரவில்லை,
தோடு கிடைத்த சந்தோஷத்தில் ரெண்டும் சூப்பர் என்றாள்.

மெனுவையும் பழையபடிக்கு மாற்றினேன்.
அந்த ரெண்டு சேனல் சும்மாவே கிடக்கட்டும்.

ராத்திரி வீடியோவில் வந்தார்.
வித்தியாசம் தெரியுதா?
தெரியுது மச்சான், என்றேன்.
பொய்யில்லை.
புளியைப் பற்றிச் சொல்வதற்குள்
சிக்னல் போய்விட்டது.
மொட்டைமாடியில் ஒன்பது மீட்டர் ஒயரில்
அவருடைய பழைய கைலி காய்கிறது.