மூன்றாம் எண் கதவு

கருங்கடல் கரையில், எங்கள் கிரெசுனில்,
கெட்ட கனவை மனிதரிடம் சொல்லுமுன்
ஓடும் தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும்.
குழாயைத் திறந்தேன்.
மாதக் கடைசி. மீட்டர் ஓடுகிறதென்று
பக்கத்து அறையிலிருந்து கணவன் இருமினான்.
பாதிக் கனவில் மூடிவிட்டேன்.

மீதிப் பாதியைத்தான்
தொழிற்சாலைக்கு எடுத்துப்போனேன்,
சாப்பாட்டுப் பையில், ஆலிவுக்கும் ரொட்டிக்கும் நடுவே.

ஆறாம் பட்டையில் நிற்கிறேன்.
ஹேசல் கொட்டைகள் வருகின்றன.
சொத்தை, ஓடு, கல்
பொறுக்கிப் போடுகிறேன்.
பார்க்காமலே பொறுக்கப் பழகிய கை.
பிறகு வருபவை கொட்டை அல்ல, பற்கள்.
அதிலும் எனக்குப் பயமில்லை.
சொத்தைப் பல்லைத் தனியே போடுகிறேன்,
கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.
பயம் எங்கே வந்ததென்றால்
சங்கு ஊதியபோது.
எல்லாரும் சுவர்ப்பக்கம் ஓடினோம்.
சுவரில் கதவு வரைந்திருந்தது.
கைப்பிடிக்கு நிழல்கூடப் போட்டிருந்தான்
வரைந்தவன்.

தேநீர் இடைவேளை பதினோரு நிமிடம்.
நல்லதாகவே இருக்கட்டும் என்று
மூவரும் சொன்ன பிறகுதான்
வாயைத் திறந்தேன். அது முறை.

பல் விழுந்தால் சாவு, என்றாள் மெலாஹத்.
மேல்வரிசை அப்பன் வழி, கீழ்வரிசை ஆத்தாள் வழி.
எந்த வரிசை, பார்த்தாயா?
பட்டையில் வரிசை ஏது.
விழவில்லை அக்கா, ஓடின.
ஓடினால் கடன், என்றாள் உடனே,
சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு.

ஹாஜெர் மருந்துக்கடையில் ஒரு வருடம் இருந்தவள்.
தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாய்,
தாடையை அழுத்திப் பார், என்றாள்.
அழுத்தினேன். வலித்தது.
பரிசு வாங்கியவள்போல் சிரித்தாள்.

ருக்கியே ஒன்றும் சொல்லவில்லை.
தேநீர்க் கண்ணாடியை இடுப்பைப் பிடித்து
சுற்றிக்கொண்டே இருந்தாள்.
பிறகு கேட்டாள்:
கதவில் எண் இருந்ததா?

இருந்தது.
அவள் கேட்கும்வரை எனக்கே தெரியாது.
மூன்று.

நாலு பேரும் போய்ப் பார்த்தோம்.
மூன்றாம் எண் அவசர வழி.
மேலே பலகையில் பச்சை மனிதன்
ஓடிக்கொண்டிருந்தான்.
அவன் ஓடும் திசையில் மூட்டைகள்,
எண்பது கிலோ மூட்டைகள்,
அவன் முழங்கால்வரை.
ஆகஸ்டில் அடுக்கியவை. இது ஜனவரி.
ஐந்து மாதம் அதைத் தாண்டித்தான்
பட்டைக்குப் போய் வந்திருக்கிறேன்.
சொத்தையைக் கண்டுபிடிக்கிற கண்.

என்ன கூட்டம் இங்கே, என்று வந்தான்
மேஸ்திரி துர்சுன்.
கனவு கண்டேன் என்று எப்படிச் சொல்வது?
மெலாஹத் சொல்லிவிட்டாள்.
கனவுக்கெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் அனுப்பினால்
டீசலுக்கு யார் தருவது என்று சிரித்தான்.
சங்கு ஊதினால் நீயும்
உள்ளேதானே இருப்பாய், என்றாள் ருக்கியே.
கோபமே இல்லாமல்,
மணி கேட்பதுபோல.

மறுநாள் ஆறு மணிக்கு
கை கழுவும் இடத்தில் அவனைப் பார்த்தேன்.
குழாய் முழுதாய்த் திறந்திருந்தது.
கை நனையவில்லை.
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஃபோர்க்லிஃப்ட் பின்னால் நகரும் பீப் ஒலி
மதியம்வரை கேட்டது.
கதவு திறந்தது.
வெளியே துருப்பிடித்த படிக்கட்டு, மழை,
எங்களைக் கண்டு எரிச்சலான ஒரு பூனை.

இப்போது கனவில் சங்கு ஊதுவதில்லை.
பற்கள் மட்டும் வருகின்றன.
அந்தப் பாதிக்குப் பொருள் சொல்ல
இன்னும் யாரும் அகப்படவில்லை.
மெலாஹத் கடன் என்கிறாள், அது உண்மைதான்.
ஹாஜெர் தாடை என்கிறாள், அதுவும் வலிக்கிறது.
நான் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்,
நல்லது இந்தப் பக்கம்,
சொத்தை அந்தப் பக்கம்.
விடிந்தால் அதே பட்டை.
கூலி மட்டும் ஒரு ஷிஃப்டுக்குத்தான்.