பதினேழாம் குறிப்பு

ஸ்ரான்லி வீதியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
எங்கள் சுரங்கம் இருக்கிறது.
இரண்டு மேசை, பூட்டுப் பிடிக்காத அலுமாரி, ஒரு கேத்தில்.
கேத்திலின் அடியில் விரல் தடிப்புக்குச் சுண்ணாம்பு.
இந்த ஊரைத் தோண்டினால் வருவது அதுதான்.
எங்கள் கறுப்பு
குருநாகலுக்கு அப்பால், நூற்றெண்பது அடிக்குக் கீழே,
வைகாசி மழையிலிருந்து தண்ணீருக்குள் கிடக்கிறது.

பம்பு ஓடினால் டீசல் போகும்,
நின்றால் சுரங்கம் போகும்.
எது மலிவு என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.
அதுவும் பங்குனியோடு நின்றுவிட்டது.
'செலுத்த வேண்டியவை' என்ற தலைப்பின் கீழ்
என் பெயரை நானே எழுதினேன்,
கொஞ்சம் சின்ன எழுத்தில்.

கணக்காய்வாளர் யூஜினியா
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார்.
தேத்தண்ணி வேண்டாம் என்றார்.
"வாங்குறது ஒரே ஒராள்தானோ?"
ஓம். ஹம்பர்க்கில்.
மரியாதையான மனிதர், மரியாதையாகவே எழுதியிருக்கிறார்:
சீனாவில் உலையில் செய்கிற காரீயம் பாதி விலை,
மின்கலக்காரருக்கு வேண்டிய தூய்மை
தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது ஐந்து.
எங்களுடையது தொண்ணூற்றேழு.
இந்த ஊரில் தொண்ணூற்றேழு எடுத்தால்
ரியூசன் சென்ரர் மதிலில் படம் ஒட்டுவார்கள்.

அருந்தவநாதன் ஐயா தோற்றதாக ஒப்புக்கொள்வதில்லை.
இரவு பத்தரைக்கு ஸ்காபரோவில் மத்தியானம்.
தொலைபேசியில் புதிதாக ஒரு கோடி பங்கு விற்கிறார்.
ஆள் கூடக்கூடச் சொதிக்குத் தண்ணீர் விடுகிற கதை:
சட்டி நிரம்பித்தான் இருக்கிறது,
முதலில் இலை போட்டவருக்கு
மஞ்சள் நிறம் மட்டும்.
வங்கிக்கு அடைமானம்
கொக்குவிலில் நாலு பரப்புக் காணி, கிணற்றில் அரைப் பங்கு.
அரைக் கிணற்றை எப்படி ஏலம் விடுவார்கள் என்று
யூஜினியா கேட்கவில்லை.
எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை
குருநகரிலிருந்து புலோமினா வந்தா.
பங்குப் பத்திரத்தை லமினேற் செய்து
மழைக்கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தா.
"பிள்ளை, இது எப்ப காசாகும்?"
படகு இயந்திரம் வித்த காசு.
மகனுக்குத் தெரியாது.
நான் படித்ததைச் சொன்னேன்:
திரவத்தன்மைப் பிரச்சினை, அம்மா.
அவ யோசித்தா.
"சுரங்கம் முழுக்கத் தண்ணி எண்டுதானே சொல்லுறியள்."

சிரிப்பு வந்தது. சிரித்தேன்.
அவ சிரிக்கவில்லை.

பதினேழாம் குறிப்பை இன்னும் முடிக்கவில்லை.
'தொடர்ந்தியங்கும் ஆற்றல் குறித்துக் கணிசமான ஐயம்.'
'கணிசமான' வேண்டாம் என்கிறார் ஐயா.
'கணிசமான' இல்லாமல் கையெழுத்தில்லை என்கிறார் யூஜினியா.
நான் பென்சிலால் எழுதுகிறேன், அழிக்கிறேன், எழுதுகிறேன்.
எங்கள் வருமானத்தில் இந்த ஆண்டு அசைந்த காரீயம்
இவ்வளவுதான்.
பென்சிலும் எங்களுடையதல்ல,
மருந்துக்கடையில் கடனாக வாங்கியது.

அந்தச் சொல்லை அழித்த இடத்தில்
தாள் மெலிந்து, வெளிச்சம் தெரிகிறது.

ஐந்து மணிக்குப் பியதாச பேசினான்.
பம்புக்காரன். அவனுக்கும் நாலு மாதம் பாக்கி.
ஆனாலும் காலையும் மாலையும் கயிறு விட்டு அளக்கிறான்,
ஏன் என்று நான் கேட்டதில்லை,
கேட்டால் நிறுத்திவிடுவானோ என்ற பயம்.
"மிஸ், தண்ணி இண்டைக்கு ரெண்டு அடி மேல."

ரெண்டு அடி.
இதற்குப் பேரேட்டில் தலைப்பில்லை.
ஓரத்தில் குறித்து வைத்தேன்,
திகதியோடு.