ஆகாத பயிர்

மே கடைசி. பியாரே தீபகற்பத்தில்
கடலைப் பார்த்துச் சரியும் என் நிலம்.
உறைபனிக்குப் பயந்து போர்த்திய வெள்ளைத் துணியை
ஓரமாகச் சுருட்டிவிட்டு
மண்ணுக்குள் கைவிட்டுத் துழாவுகிறேன்.
அகப்படுகிறது
இந்த வருஷத்தின் முதல் உருளைக்கிழங்கு.
கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிது.
கட்டைவிரல் பட்டதும் தோல் விலகுகிறது.

பதினாலு மாதமாக
இதைக் கையால் மட்டும்தான் தொடுகிறேன்.

போன வருஷம் மார்ச்சில்
நர்ஸ் ஹில்லெவி என் விரலில் ஊசி குத்தினாள்.
எண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"என்ன சாப்பிடுகிறாய், டொர்கெல்?"
"விளைவதை."
அவள் பேனாவை மூடிவைத்தாள்.
அந்தச் சின்ன அறைக்குள்
நாற்பது டன் கிழங்கு உருண்டுவந்து உட்கார்ந்தது.

மாவுச்சத்தைக் குறைத்துப் பார் என்றாள்.
எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாத குடும்பம் எங்களுடையது.
ஒரேயடியாக விட்டேன்.

காலையில் வெண்ணெயில் மூன்று முட்டை.
காபியில் கரண்டி நிற்கும் அளவுக்கு க்ரீம்.
ரொட்டி இருந்த இடத்தில் சீஸ் துண்டு,
அதன்மேல் இன்னும் கொஞ்சம் வெண்ணெய்.
முதல் வாரம்
தலைக்குள் யாரோ டிராக்டர் ஓட்டினார்கள்.
நள்ளிரவில் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது.
சமையலறை இருட்டில் நின்று
உப்பு நக்கினேன், மாடு மாதிரி.
இரண்டாம் மாதம்
பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன்.
அதற்குப் பிறகு இன்னொன்று.

சிக்ஸ்டன் கூட்டுறவுக் கிடங்கில் சொல்லிச் சிரித்தானாம்:
"கொழுப்பெடுத்துப் போச்சு டொர்கெலுக்கு.
தன் கிழங்கைத் தானே தின்ன மாட்டானாம்!"
மறுக்க ஒன்றுமில்லை.
கொழுப்புதான்.
பன்றி வயிற்றுக் கொழுப்பு, ஹெர்ரிங் கொழுப்பு,
வாரத்துக்கு ஒரு கிலோ வெண்ணெய்.

சிக்கல் வேறு.
ஸ்டாக்ஹோமிலிருந்து பெர்டில் போன் செய்வான்:
"இந்த வருஷம் ருசி எப்படி?"
முப்பத்தொரு வருஷம்
வாயில் போட்டுத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.
போன வருஷம் பொய் சொன்னேன்.
பொய் நல்ல விலைக்குப் போனது.
அது இன்னும் உறுத்துகிறது.

இந்தமுறை மார்கிட்டை உட்காரவைத்தேன்.
உப்புத் தண்ணீரில் வெந்த ஆறு கிழங்கு,
மேலே சதகுப்பைக் கீரை.
ஆவி என் கண்ணாடியை மூடியது.
துடைக்காமல் அப்படியே நின்றேன்.

"எப்படி?"
"நல்லா இருக்கு."
"நல்லா என்றால்?"
"நல்லா என்றால் நல்லா."
"தோல் பல்லில் வெடிக்கிறதா, ஒட்டுகிறதா?"
இன்னொன்றைக் கடித்தாள். கண்ணை மூடினாள்.
"வெடிக்குது."
"பிறகு?"
"பிறகு... மழை நின்ற கொஞ்ச நேரத்துக்கு
கதவைத் திறந்தால் வருமே, அது.
கடைசியில் பாதாம்கொட்டை.
இரு, பேசாதே, இன்னும் போகவில்லை."

இவ்வளவு நீளமாக அவள்
எங்கள் கல்யாணத்தைப் பற்றிக்கூடப் பேசியதில்லை.
தட்டில் ஒன்றும் மிஞ்சவும் இல்லை.

அவள் சொன்னதை அப்படியே பெர்டிலிடம் ஒப்பித்தேன்.
மழையைச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு இரண்டு டன் கூடுதலாகக் கேட்டான்.

நடுக்கோடைத் திருநாளில்
புல்வெளியில் நீளமாக மேசை போட்டோம்.
பெரிய கிண்ணம்
பல்லக்குப் போலக் கை மாறிக் கை மாறி
என் மூக்கைக் கடந்து இடப்பக்கம் போனது.
யாரும் என்னைப் பார்க்கவில்லை,
பார்க்காதிருக்க எல்லோரும் பாடுபட்டார்கள்.
நான் ஹெர்ரிங்கை க்ரீமில் புரட்டினேன்.
எதிரே டூவாவின் தட்டில்
ஒரு கிழங்கு பிளந்து
வெண்ணெய் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.
என் வெண்ணெய்க்கு இறங்க இடமில்லை.

இரவு பதினொன்று, வெளிச்சம் போகவில்லை.
விரலில் குத்தினேன். ஐந்து புள்ளி ஒன்பது.
ஹில்லெவி பார்த்தால் பேனாவைத் திறப்பாள்.

மார்கிட் சீஸ் சீவி
வெண்ணெய் தடவி நீட்டினாள்.
"எப்படி?" என்றாள்,
முழங்கையை மேசையில் ஊன்றி,
காத்திருந்தாள்.

மென்றேன். யோசித்தேன்.
"நல்லா இருக்கு" என்றேன்.