கிரேடு

எங்கள் மண்டியில் கிரேடு என்றால்
இருபத்தைந்து கிலோ தக்காளி பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி.
தருமபுரியில், கல்லூரியில், கிரேடு என்றால்
இன்டர்னல் தாளின் மூலையில் சிவப்பாக ஒரு சி.
இரண்டையும் தூக்கிப் பார்த்திருக்கிறேன்.
முதலாவதற்குக் கைப்பிடி உண்டு.

பூவரசன் சார் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வரும்வரை
அவர் மேசையருகே நின்றேன்.
பன்னிரண்டாம் கேள்வி சார், என்றேன்.
பத்துக்கு நாலு போட்டிருக்கீங்க.

தேவை நெகிழ்ச்சியை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
புத்தகத்தில் உப்பு இருந்தது.
நான் ராயக்கோட்டையை எழுதியிருந்தேன்:
கிலோ இரண்டு ரூபாய்க்கு விழுந்த மாசி மாதம்,
பறிப்புக்கூலிக்குக் கட்டாமல் டிராக்டர் விட்டு உழுத கொல்லை,
ஏரிக்கரையில் கொட்டியதை
மாடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது.
ஒன்றரைப் பக்கம்.
ஓரத்தில் அவர் கையெழுத்து: "கதை."

கதை இல்ல சார், எங்கப்பா.
தெரியும்மா. என் மாமனாரும்தான். மாரண்டஹள்ளி.
அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் ஓடவில்லை.
சுவர் விசிறி எங்கள் பக்கம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

பிறகு சொன்னார்:
வண்டி வாடகை கட்டாததால கொட்டினாங்க.
அது விக்கிறவன் கணக்கு. இதுல தேவை எங்க?

எனக்குச் சூடு ஏறியது.
"வெல பாதியாச்சுன்னா
யாரு சார் ரசத்துல ரெண்டு மடங்கு தக்காளி போடுவா?
ஊருக்கு இருக்கறது அதே வயிறுதானே?
வெல விழுந்த அளவுக்கு வாங்கறது ஏறல,
அதான் மொத்தப் பணமும் விழுது.
நெகிழ்ச்சியில்லாத தேவை.
இதைத்தானே கேட்டீங்க?"

பேனாவை மூடினார்.
"இதைத்தான் கேட்டேன்.
எங்க எழுதியிருக்க, காட்டு."

புரட்டினேன்.
மாடு இருந்தது. டிராக்டர் இருந்தது.
அந்த வரி வரவேண்டிய இடத்தில்
அப்பா துண்டை உதறித் தோளில் போட்ட விதத்தை
நாலு வரி எழுதியிருந்தேன்.

"வாய்க்கு மார்க் போட எனக்கு அதிகாரம் இல்ல, மாதேஸ்வரி."

கிளம்பும்போது கடைசிப் பக்கத்தைக் காட்டினேன்.
ஏழும் ஒன்பதும் பதினான்கு என்று கூட்டியிருந்தது.
நான் வந்ததே அதற்குத்தான்.
தக்காளி இடையில் உருண்டு வந்துவிட்டது.
பேனாவைத் திறந்தார். பதினாறு.
சி-யின் வாயை ஒரு கோட்டில் அடைத்து
பி ஆக்கினார்.
மன்னிப்பெல்லாம் இல்லை; காது மட்டும் சிவந்தது.

ராயக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
"கதை" என்பதற்குக் கீழே
விட்டுப்போன வரியைப் பென்சிலால் எழுதினேன்.
பள்ளத்தில் பஸ் இறங்கியதில் 'தேவை' கோணிக்கொண்டது.
பத்துக்கு எட்டு என்று நானே போட்டேன்.

பாலக்கோடு தாண்டும்போதுதான் நினைவு வந்தது,
வரைபடம் போடவில்லை.
ஏழரை ஆக்கினேன்.
ஏழரை வேண்டாம்.
ஏழு.