இது மீன், தொடாதே

ஆடி மாதம் எங்கள் ஆரல்வாய்மொழியில்
குடை விரிக்கிறவன் ஊருக்குப் புதுசு.
அந்தக் காற்றைப் பிடித்துத்தான்
மலையடிவாரமெங்கும் இறக்கைகள் சுற்றுகின்றன.
கம்பியில் ஏறிவிட்டால் கரண்டுக்கு ஊர் கிடையாது
என்பார் லைன்மேன் வில்பிரட்.
எனக்கென்னவோ
வடசேரி ஆபீசில் பிளக்கைச் செருகும்போதெல்லாம்
முகத்தில் அடிப்பது எங்கள் ஊர்க் காற்றுதான்.

சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டு
ஒருநாள் ராத்திரி எட்டரைக்குத் திரும்பிப் போனேன்.
பூட்டைத் திறந்தால்
பதினோரு திரையிலும் மீன்கள்.
ஆளில்லாத நாற்காலிகளுக்கு முன்னால்
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்
நீந்திக்கொண்டிருந்தன,
ஓவர்டைம் கேட்காமல்.
மேசைக்கடியில் பெட்டிகள்
சூடாய் மூச்சு விட்டன.

வில்பிரட்டிடம் மீட்டர் இரவல் வாங்கி
ஒரு வாரம் கணக்கெழுதினேன்.
ஹெப்சிபா மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.
மறுநாளே சுற்றறிக்கை:
மின்சாரத்திலும் தாளிலும் சிக்கனம் தேவை.
ஆளுக்கொரு பிரதி,
ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து.

புதிதாய் எட்டு கம்ப்யூட்டருக்குக் கொட்டேஷன் வந்திருந்தது.
மார்த்தாண்டத்துப் பையன் பழசைத் திறந்து
தூசி ஊதி, மெமரி கூட்டி,
'இன்னும் நாலு வருசம் ஓடும் அக்கா, கேட்டீளா' என்றான்.
கொட்டேஷனின் பின்பக்கம் வெள்ளையாயிருந்தது.
எடுத்து வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை
கடைசி ஆளாய் நின்று மெயினை இறக்கினேன்.
பதினோரு குளமும் ஒரே நொடியில் வற்றின.
அந்த இருட்டு எனக்குப் பிடித்திருந்தது.
தோவாளை வரைக்கும் பஸ்ஸில்
தனியே சிரித்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை
மேடம் அறையில் எப்போதும் கேட்கும்
குமிழிச் சத்தம் கேட்கவில்லை.
கண்ணாடித் தொட்டியில்
மூன்று தங்கமீன்கள் மல்லாந்து கிடந்தன.
மோட்டாருக்கும் அதே லைன்.
நாலாவது,
தண்ணீர் விளிம்பில் வாயைத் திறந்து திறந்து
காற்று கேட்டது.

மேடம் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

கொட்டேஷனைக் கீறிக் கீறி
பிளக்குக்கு ஒன்றாய் ஒட்டியிருக்கிறேன்.
திரை, அணை.
பிரிண்டர், அணை.
சார்ஜர், யாருடையது?
ஒன்றில் மட்டும்: இது மீன், தொடாதே.

மெயின் பக்கம் இப்போது போவதில்லை.
பதினோரு மேசைக்கும் பதினோரு முறை குனிகிறேன்.
சில நாள் ஆறு பத்து பஸ் போய்விடுகிறது.
முழங்காலைத் தடவியபடி
வடசேரி ஸ்டாண்டில் நிற்கிறேன்,
எங்கள் ஊர்ப் பக்கமிருந்து காற்று வந்து
யாரோ கிழித்துப் போட்ட டிக்கெட்டை
உருட்டிக்கொண்டு போகிறது.