நான்காவது மூலை

பன்னிரண்டாயிரம் பிரதிகள் வந்திறங்கின.
மை வாசம் போகாத ஒரு தாளை உருவி
அலுவலக மேசையில் விரித்து
மேலே போனைப் பிடித்ததும்
வால்பரைசோ எழுந்து நின்றது.

எல்லாக் குன்றும் இல்லை.
நகராட்சி கொடுத்த காசுக்கு ஏழு குன்று.
கப்பலுக்குப் பூசி மிஞ்சிய பெயின்ட்டில் மினுங்கும் தகர வீடுகள்,
சரிவில் முனகிக்கொண்டே ஏறும் பழைய பெட்டி,
பதினான்காம் புள்ளியில்
மீன்காரர் எவரிஸ்டோவின் கூவல்.
கூவலுக்கு நடுவே ஒரு நாய் குரைக்கும்.
வெட்டிவிடலாம் என்றான் ரெனாத்தோ.
நாயை வெட்டினால் இது வேறு ஊர் என்றேன்.

தாளுக்கு வாய் முளைத்துவிட்டதென்று
கேக் வெட்டினோம்.
மேசைமேல் காற்றடிக்காது என்பது
அன்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள்
வீட்டுச் செருப்போடு வந்து நின்றாள் நெல்டா.
இருபத்தொன்றாம் புள்ளி அவளுடைய ஜன்னல்;
நீலச் சட்டம், சிவப்புப் பூந்தொட்டி,
அழகாயிருக்கிறதே என்று
கேட்காமல் எடுத்த படம்.
'ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் விழித்திருக்கிறேன்.
காலை எட்டுக்குக் கண்ணை மூடினால்
ஒன்பதுக்கு உங்கள் ஆட்கள்.
என் ஜன்னலை எடுத்துவிடு.'

மையை எப்படி எடுப்பது?
அச்சேறியது அச்சேறியதுதான்.
குரலை மாற்றலாம் என்று
மைக்கை அவள் பக்கம் தள்ளினேன்.
ஒத்திகை எதுவும் கேட்கவில்லை அவள்:

'இது என் ஜன்னல்.
உள்ளே நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.
நீ பார்க்க வந்தது இதையல்ல.
திரும்பி நில்.
கடல் உனக்குப் பின்னால் இருக்கிறது.'

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டாள்.
கூட்டம் இப்போது அதிகமாம்.
வருகிறவர்கள் போனைக் காதில் வைக்கிறார்கள்,
ஒரே சமயத்தில் திரும்புகிறார்கள்.
'எல்லாம் முதுகாகத் தெரிகிறது.
முதுகு சத்தம் போடுவதில்லை.
தூங்குகிறேன்.'

நவம்பர் மாலை, தெற்குக் காற்று.
சும்மா பார்த்துவரப் போனேன்.
படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பின்லாந்துக்காரர்
வலக்கையில் போன், இடக்கையில் வரைபடம்.
வரைபடமா அது? பாய்மரம்.
சுவரில் அழுத்தினார்.
முழங்காலுக்கடியில் வைத்தார்.
ஒரு ஷூவைக் கழற்றி ஓரத்தில் வைத்தார்.
'தாளைச் சமமாகப் பிடிக்கவும்' என்று
போன் சொல்லிக்கொண்டேயிருந்தது
நான் பதிவுசெய்த அதே கனிவோடு.
எனக்குக் காது கூசியது.

காஸ் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கிவைத்து
ஒரு பையன் வந்தான், நவேல்.
இரண்டு மூலைகளைப் பிடித்தான்.
பள்ளிவிட்டு வந்த சிறுமி,
வாயில் பாதி எம்பனாடா, மூன்றாவதைப் பிடித்தாள்.
நான்காவது எனக்கு விழுந்தது.

எழுந்தது ஊர்.
நான்கு தலைகள் முட்டிக்கொள்ளக் குனிந்தோம்.
நாய் குரைத்தது.
எங்கள் தெரு நாயும் பதிலுக்குக் குரைத்தது.
சிறுமி சிரித்ததில் மாவுத்துணுக்கு
துறைமுகத்தின்மேல் தெறித்தது.

நவேல் சிரிக்கவில்லை.
ஏழு குன்றையும் ஒவ்வொன்றாய்த் தேடினான்.
பிறகு ஒரு மூலையை முழங்காலால் அழுத்திக்கொண்டு
தாள் முடிந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி
வெறும் கல்லில் விரல் ஊன்றினான்.
'எங்கள் வீடு இங்கே.'

பின்லாந்துக்காரருக்கு
அந்த மொழியில் நன்றி மட்டும்தான் தெரியும்.
போனை நகர்த்தி
அந்த விரலுக்கு மேலே பிடித்தார்.
திரையில் விரல்; நகக்கண்ணில் கரி;
பக்கத்தில் ஒற்றை ஷூ.
போன் எதுவும் சொல்லவில்லை.
அவர் காத்திருந்தார்,
எந்தப் புள்ளிக்கும் காத்திருப்பதுபோல.

நவேல் பேச ஆரம்பித்தான்.
தண்ணீர் லாரி வரும் கிழமை,
தீப்பிடித்த வருஷம்,
மேலேயிருந்து பார்த்தால்
கப்பல்கள் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கும் என்பது.

பென்சில் எடுக்கக் கையை விட்டேன்.
என் மூலை படபடத்து
ஏழு குன்றும் ஒரு நொடியில் அணைந்தன.
யாரும் கவனிக்கவில்லை.
அவன் இன்னும் இரண்டாவது படிக்கட்டில்தான்
ஏறிக்கொண்டிருந்தான்.