மூன்று டிகிரி

வெளியே மைனஸ் பதினொன்று.
வால்காவுக்குள் நவம்பர் இப்படித்தான் வரும்,
பூட்ஸைக் கழற்றாமல் நடுவீடு வரை நடக்கும் விருந்தாளிபோல.
ஃபிரிட்ஜ் மட்டும் குளிரவில்லை.

மேலறையைத் திறந்தேன்.
ஆர்வோ சுட்டுக் கொடுத்த மூஸ் மான் தொடை
பொட்டலத்துக்குள்ளேயே கசிந்து
கோடையில் பறித்த அவுரிநெல்லிப் பைகள்மேல்
சொட்டிக்கொண்டிருந்தது.
விரலால் அழுத்தினேன். அமுங்கியது.
எஸ்தோனியாவில், இந்த மாதத்தில்,
இறைச்சி இளக வேண்டுமென்றால்
பெட்டியில் வைத்துப் பூட்டி
மின்சாரமும் கட்ட வேண்டியிருக்கிறது.

தொடையை வாளியிலிட்டு
மூடிமேல் கல்லேற்றிப் பனியில் நிறுத்தினேன்.
நரிக்குக் கல்லெல்லாம் ஒரு பொருட்டா, தெரியாது.

அதே ப்ளக் பாயிண்டில் ரேடியோவைச் செருகினேன்:
நாளையும் பனி என்றது. ஆக, கரண்ட் இருக்கிறது.
கதவிடுக்கில் மின்கட்டண ரசீதை வைத்து மூடி இழுத்தேன்.
கிழிந்ததே தவிர வரவில்லை.
ரப்பர் மேல் குற்றமில்லை.
ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தினேன்.
பின்புறக் கறுப்புக் கம்பிகளில்
மூன்று வருடத்துப் பூனைமுடி.
பூனை போன வசந்தத்தில் செத்தது.
சின்னத் துடைப்பத்தால் வாரி,
குப்பையில் போடக் கை வராமல்
ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
ரிலேவைக் கழற்றிக் காதோரம் குலுக்கினேன்.
உள்ளே எதுவும் உடைந்து உருளவில்லை.
எல்லாம் மாட்டி மறுபடி செருகினேன்.
கம்ப்ரஸர்மேல் கை வைத்தேன்:
ஆற்றங்கல்.

மெக்கானிக் ஹில்லாரை அழைத்தேன்.
வந்து எட்டிப் பார்க்க நாற்பது யூரோ,
அதுவும் வியாழனுக்குப் பிறகு என்றான்.
நான் செய்ததையெல்லாம் வரிசையாய் ஒப்பித்தேன்.
ஏதோ மென்றுகொண்டே கேட்டான்.
"எங்கே நிற்கிறது?"
"வராந்தாவில்."
"அங்கே எத்தனை டிகிரி?"
சுவரைப் பார்த்தேன். "மூன்று."
மெல்வது நின்றது.
"சரி, பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றான்.
"அதன் தெர்மோஸ்டாட் கீழறையில் இருக்கிறது.
மேலறை என்று ஒன்று உண்டென்றே அதற்குத் தெரியாது.
கீழே மூன்று டிகிரி.
வேலை முடிந்ததென்று தூங்குகிறது.
கொஞ்சம் சூடு காட்டுங்கள், எழுந்துவிடும்."

ஆகஸ்டில் ஆஸ்பத்திரியிலிருந்து எல்மார் வந்தபோது
கணப்பு அடுப்புப் பக்கமாய்ச் சமையலறையில் கட்டில் போட்டோம்.
ஃபிரிட்ஜ் முனகினால்
தலைக்குள் யாரோ ரம்பம் போடுவதாய்ச் சொன்னார்.
நான் தள்ள, அவர் நிலைக்கதவைப் பிடித்தபடி
இடம், வலம் என்று உத்தரவிட,
அதை வராந்தாவுக்குக் கடத்தினோம்.
மூன்று மாதம் யாருக்கும் தொந்தரவில்லை.

எதையும் தூக்கியெறியாத மனிதர்.
அவருடைய ஆணிப் பெட்டியைக் கிண்டியதில்
பதினைந்து வாட், பழைய இழை பல்பு ஒன்று
செய்தித்தாளுக்குள் சுருண்டு கிடந்தது.
கீழறையில் மாட்டினேன்.
கதவு மூடினால் விளக்கை அணைக்கும் பொத்தான்மேல்
டேப்பை இரண்டு சுற்று ஒட்டி
அதை ஏமாற்றினேன்.
முக்காலியில் உட்கார்ந்தேன், கோட்டுப் போட்டுக்கொண்டு.

அரைமணி நேரம்.
ஒரு க்ளிக். ஒரு நடுக்கம்.
ஊறுகாய் ஜாடிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

சுவருக்கு அப்பாலிருந்து எல்மார்: "ஓடுதா?"
"உங்களுக்குக் கேட்குதா?"
"இல்லையே."
"அப்போ ஓடுது."

கதவு மூடினபின் உள்ளே விளக்கு அணைகிறதா என்று
சிறுமியாய் இருந்தபோது
எத்தனை முறை திடுமெனத் திறந்து திட்டு வாங்கியிருப்பேன்.
இதில் அணையாது. எனக்குத் தெரியும்.
பால், வெண்ணெய், அரை முட்டைக்கோஸ்,
எல்லாம் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் இரவு முழுக்க,
ரயிலுக்குக் காத்திருப்பவர்கள்போல.

இளகிய தொடையைத் திரும்ப உறைய விடக் கூடாது.
நாளை அதற்கு நாள் முழுக்க அடுப்பு,
ஆர்வோவுக்கு ஒரு தட்டு.
வாளியை எடுக்கப் போனேன்.
சுற்றிலும் புதுக் காலடிகள்.
கல் ஒரு விரற்கடை
நகர்ந்திருந்தது.